தலையாட்டிய மூன்று பேரும் ஒரு பழைய ஃபிரிட்ஜும்

போன மாதம் என் மகள் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய தோழி ஒருத்தி வேறு சிலரோடு சேர்ந்து புதிதாகக் கம்பெனி தொடங்கியிருக்கிறாள். நகரத்தின் நடுவே கண்ணாடிக் கட்டடத்தில் மேல்மாடி. உட்காருவதற்கு நாற்காலி இல்லை, பெரிய பெரிய மூட்டைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த வயதில் அதில் விழுந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும் என்று பயந்து நின்றுகொண்டே இருந்தேன். பிறகு யாரோ இரக்கப்பட்டு உண்மையான நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஆன்ட்டி, உங்கள் கம்பெனி தொடங்கியபோது டீமில் மோட்டிவேஷன் எப்படி வளர்ந்தது?" சுவரில் அதற்கு ஒரு படமும் மாட்டியிருந்தது. படிக்கட்டு மாதிரி வரைந்து, கீழ்ப்படியில் பயம், அடுத்த படியில் சம்பளம், அதற்கு மேல் பெருமை, உச்சியில் ஏதோ இலட்சியம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் யாரும் அப்படி ஒழுங்காகப் படியேறவில்லை என்று சொன்னேன். சிரித்தார்கள். அன்று எனக்குக் கிடைத்தது கால் மணி நேரம்தான். அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மலேசியாவில், தைப்பிங்கில். கல்யாணமாகி, கணவருக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்து, பிளாக்ஹவுஸ் பேயில் குடியேறினோம். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ரேடியோ செய்யும் ஆலை ஒன்றில் ஈயம் உருக்கி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் என் விரல்களைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். அங்கே மாதம் ஒருமுறை மேனேஜர் பெஞ்சின் மேல் ஏறி நின்று மோட்டிவேஷன் பற்றிப் பேசுவார். எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுச் சாமான்களுக்கு இருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் தளர்த்தியது. மலிவான ரேடியோக்கள் கடைகளில் வந்து குவிந்தன. மேனேஜர் கடைசியாக ஒருமுறை பெஞ்சில் ஏறி, ஆலையை மூடுகிறோம் என்றார். அந்தப் பேச்சு மட்டும் சுருக்கமாக இருந்தது.

கிரஹாம் அந்த ஆலையின் ஃபோர்மேன். ஐம்பதை நெருங்கிய வெள்ளைக்காரர். குளிரோ மழையோ முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டைதான் போடுவார். அதிகம் பேசமாட்டார். நீங்கள் உயிரைக் கொடுத்து ஒரு வேலையை முடித்துக் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மோசமில்லை" என்பார். அவரிடம் அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. கோபம் வந்தாலும் குரல் உயராது, வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஆலை மூடிய மறுவாரம் என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடியே, தான் ஒரு கம்பெனி தொடங்கப் போவதாகவும் நான் வருகிறேனா என்றும் கேட்டார். நான் உடனே சரி என்றேன். வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ஒத்துவராது. சூப்பர்வைசர் என்ற பட்டம் போனதும் மனதில் ஒரு மூலையில் குத்திக்கொண்டிருந்தது.

இடம் ஆக்லாந்தின் ஓரத்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தகரக் கொட்டகை. இப்போது அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கிடங்கும் தொழிற்சாலையும்தான். அப்போது எங்கள் பின்வேலிக்கு அப்பால் பசுக்கள் மேய்ந்தன. நாங்கள் செய்த சாமானும் பசுக்கள் சம்பந்தப்பட்டதுதான். பண்ணையில் கறந்த பாலைப் பெரிய எஃகுத் தொட்டியில் ஊற்றிக் குளிர வைப்பார்கள். காலையில் டாங்கர் லாரி வந்து எடுத்துப் போகும். இரவில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டால் பால் கெட்டுவிடும், லாரிக்காரர் எடுக்கமாட்டார். தொட்டியில் சூடு ஏறியதும் விவசாயியின் வீட்டில் மணி அடிக்கும் கருவி ஒன்றைக் கிரஹாம் யோசித்து வைத்திருந்தார். அதுதான் கம்பெனி.

எங்களோடு இன்னும் இரண்டு பேர். லோசா என்ற சமோவாப் பெண், பழைய ஆலையில் என் பெஞ்சில் இருந்தவள். அவள் கைவேலைக்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவேன், பார்க்கவே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடியதையே வாரம் முழுக்க வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். மற்றவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் என்ஜினியராக இருந்தவர். கலவரத்தில் வீடு எரிந்து, எப்படியோ தற்காலிக வேலை விசாவில் தனியாக ஆக்லாந்து வந்து சேர்ந்திருந்தார். மனைவி யோகேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார்கள். இங்கே நிரந்தரமான வேலை இருக்கிறது என்று முதலாளி காட்டினால்தான் அவர்களுக்கு விசா. அந்த முதலாளி கிரஹாம். அந்த நிரந்தரம் எங்கள் தகரக் கொட்டகை. சிவநேசன் கிரஹாமை 'சேர்' என்று கூப்பிடுவார், நாம் சொல்லும் 'சார்'தான். கூப்பிடாதே என்று கிரஹாம் சொன்னால் அதற்கும் "சரி சேர்" என்பார்.

ஆக, இலட்சியம் என்று பார்த்தால் நாலு பேருக்கும் நாலு காரணம். கிரஹாமுக்குப் பழைய மேனேஜர் மேல் இருந்த கோபம். எனக்கு வீம்பு. லோசாவுக்குச் சம்பளம், அதை அவள் மறைத்ததே இல்லை. சிவநேசனுக்கு மூன்று உயிர்கள். முதல் சில மாதங்கள் நாங்கள் மாடு மாதிரி உழைத்தோம். ஆனால் அவரவர் காரணத்துக்காகத்தான் உழைத்தோம். ஒருவர் தும்மினால் மற்றவர் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. கருவியின் உயிர் சூட்டை உணரும் அதன் சென்சாரில் இருந்தது. அது அரிசி மணி அளவுதான் இருக்கும். அதில் இரண்டு மெல்லிய கம்பிகளை ஒட்டி, விரல் நீள எஃகுக் குழாய்க்குள் இறக்கி, குழாயை ரெசின் ஊற்றி அடைக்க வேண்டும். ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்ததும் மெல்ல மெல்லக் கல்லாகிவிடும் ஒரு பசை. கலக்கும்போது காற்றுக் குமிழ் வரக்கூடாது. வேகமாகக் கலக்கினால் குமிழ் வரும், மெதுவாகக் கலக்கினால் கலப்பதற்குள் இறுகத் தொடங்கும். சிவநேசனின் கைக்கு அந்தப் பதம் படிந்திருந்தது. ஊற்றிய குழாய்களை நேராக நிறுத்தி இதமான சூட்டில் வைக்க வேண்டும். முழுதும் இறுகிய பிறகு ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் மாறி மாறி முக்கி எடுத்து, மீட்டர் வைத்துப் பார்ப்பது என் வேலை. துளி ஈரம் உள்ளே போயிருந்தாலும் முள் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக்லாந்துக் குளிர்காலத்தில் தகரக் கொட்டகைக்குள் இதமான சூட்டுக்கு எங்கே போவது? கிரஹாம் குப்பையில் போட்ட ஒரு பழைய ஃபிரிட்ஜைத் தூக்கி வந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டார். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாது அல்லவா? கதவை மூடினால் உள்ளே சித்திரை மாதம். அதற்குள் எத்தனை குழாய் நிற்குமோ அத்தனைதான் எங்களால் செய்ய முடியும். கம்பெனியின் அளவே அந்த ஃபிரிட்ஜின் அளவுதான்.

காலை பத்து மணிக்கு ஸ்மோக்கோ. இந்த ஊரில் தேநீர் இடைவேளைக்கு அப்படித்தான் பெயர். நாலு பேரும் ஒரே மேசையில் உட்காருவோம். கம்பெனியின் பெரிய முடிவெல்லாம் பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்கும்போதுதான் எடுக்கப்படும். கிரஹாமுக்கு ஒரே ஒரு விதமாகத்தான் கேட்கத் தெரியும். "அடுத்த வாரத்துக்குள் இவ்வளவு வேண்டும் என்கிறார்கள். சமாளித்துவிடலாம், இல்லையா?"

முதலாளி நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? தைப்பிங்கில் வளர்ந்த நான் "முடியும், முடியும்" என்பேன். லோசா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு புன்னகை செய்வாள். பெரியவரைப் பேச்சில் மறுப்பது அவர்கள் வழக்கத்திலும் இல்லை. சிவநேசன் "யெஸ் சேர்". மூன்று தலையும் ஒன்றாக ஆடும். கிரஹாம் வளர்ந்த விதம் வேறு. பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்வார்கள், சொல்லவில்லையென்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். நாங்கள் மரியாதை கொடுத்தோம், அவர் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டார். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு தொட்டி பால் செலவாயிற்று.

கன்று ஈனும் பருவம் நெருங்கியிருந்தது. பண்ணைகளில் பால் பெருகும் காலம், எல்லோரும் கருவியை அதற்கு முன்னே கேட்டார்கள். ஃபிரிட்ஜில் முழு நேரம் இருக்க வேண்டிய குழாய்களை அரை நேரத்தில் எடுத்துவிட்டு அடுத்தவற்றை வைத்தோம். தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது, மீட்டரும் சரி என்றது. உள்ளே இறுகியிருக்காது என்று சிவநேசனுக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம். லோசா என்ன நினைத்தாள் என்று அப்போது தெரியாது. மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு காலை, ஆக்லாந்துக்குத் தெற்கே வைகாட்டோவில் இருந்து ஒரு விவசாயி போன் செய்தார். இரவில் இயந்திரம் நின்றிருக்கிறது, மணி அடிக்கவில்லை. கிரஹாமிடம் ஒரு விதி இருந்தது. செய்தவர்தான் போய்ப் பார்க்க வேண்டும், முதலாளி போய்ப் பல்லிளிக்கக் கூடாது. ஆகவே சிவநேசனும் நானும் வேனில் போனோம்.

விவசாயி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரிக்காரர் பாலைத் தொடாமல் போய்விட்டார், கன்றுகளுக்கு ஊற்றியது போக மிச்சம் தொட்டியில் இருக்கிறது, நீங்களே வந்து பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன் என்றார். பிறகு எங்கள் முன்னால் திருகைத் திறந்தார். பால் சிமென்ட் தரையில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கியது. எங்கள் வீடுகளில் பால் பொங்கினாலே பதறுவோம். இங்கே கண்ணெதிரே ஒரு தொட்டிப் பாலே ஓடிக்கொண்டிருந்தது.

"மணி அடிக்கும் என்று சொன்னீர்கள். அதனால்தான் தூங்கினேன்" என்றார் அவர். அவ்வளவுதான். அவருடைய மனைவி எங்களுக்குத் தேநீரும் ஸ்கோன் என்ற ரொட்டியும் கொடுத்தார். சிவநேசன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவர் அந்தக் குழாயை ரம்பத்தால் நெடுக அறுத்தார். மேலே கல். நடுவில் விரலால் அழுத்தினால் குழையும் அல்வா. அந்த வழியாக ஈரம் நுழைந்து சென்சாரைத் தின்றிருந்தது. கிரஹாம் பார்த்தார், வெளியே போய் வேலியருகே நின்றார், திரும்பி வந்தார். அனுப்பிய கருவிகளையெல்லாம் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுப்போம் என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமும் மேசையில் அதே மாதிரிதான் கேட்டார். "சமாளித்துவிடலாம், இல்லையா?" எங்கள் தலைகளும் அதே மாதிரிதான் ஆடின. பட்டாலும் பழக்கம் விடுகிறதா?

மாற்றிக் கொடுக்கும் வேலை முடிந்தபோது கம்பெனி நொண்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குடிவரவு அலுவலகத்தில் இருந்து சிவநேசனின் விண்ணப்பத்துக்குக் கேள்வி வந்தது. இந்தக் கம்பெனி நிலைத்து நிற்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? கிரஹாம் அதை மேசையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்தால் பேச்சே இல்லை, சிவா. அதைக் காட்டினால் உன் குடும்பம் வந்துவிடும்."

அந்தப் பெரிய ஆர்டர் நிஜமாகவே வந்தது. ஊர் ஊருக்குக் கிளை வைத்து விவசாயச் சாமான் விற்கும் ஒரு கடையின் கொள்முதல்காரர் எங்கள் கொட்டகைக்கே வந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைச் சாக்ஸ். ஸ்மோக்கோ மேசையில் எங்களோடு உட்கார்ந்தார். லோசா அவருக்காக நல்ல கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். தன் கடைகள் எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும் என்றார். அவர் கேட்ட எண்ணிக்கைக்கு எங்கள் ஃபிரிட்ஜை எத்தனை தடவை நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, பாதியில் விட்டுவிட்டேன். செப்டம்பரில் தொடங்கும் வசந்தத்துக்குள் வேண்டும், பிரித்துப் பிரித்து வாங்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றார்.

கிரஹாமின் காது சிவந்திருந்தது, சந்தோஷம் வந்தால் அப்படித்தான். எங்கள் பக்கம் திரும்பினார். "சமாளித்துவிடலாம், இல்லையா?"

என் வாயில் 'முடியும்' தயாராக இருந்தது. இந்த ஒரு ஆர்டரில் சிவநேசனின் பிள்ளைகள் ஏறி வரப்போகும் விமானமே நிற்கிறது, அதை நான் எப்படி மறுப்பேன்? லோசா புன்னகை செய்யத் தொடங்கியிருந்தாள்.

"நோ" என்றார் சிவநேசன். 'சேர்' கூட இல்லை.

கொள்முதல்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். கிரஹாம் சரியாகக் கேட்காதவர் போல முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். சிவநேசன் பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"முடியாது. செய்தால் போன தடவை மாதிரிதான் வரும். மணி அடிக்காது."

கொள்முதல்காரர் நாகரிகமானவர். தேநீரை முடித்தார், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், கைகுலுக்கிவிட்டுப் போனார். அப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிரஹாம் எழுந்து வெளியே போனார். வேலியருகே அவர் முதுகு தெரிந்தது. வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னா தம்பி பைத்தியமா? ஒரு வார்த்த, ஆமான்னு சொல்லியிருந்தா என்னா கொறஞ்சிடும்? பின்னால பாத்துக்கலாம் லா! அங்க அந்தப் பொண்ணு ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு..."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்லேல்லை அக்கா. யோசிச்சிருந்தால் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்." அவர் விரலில் ஒட்டியிருந்த ரெசினைச் சுரண்டினார். "அந்த மனிசன் நித்திரை கொண்டதுதான் வாயிலை வந்து நிண்டது."

கிரஹாம் உள்ளே வந்தார். சிவநேசன் எழுந்து நின்றுவிட்டார், வேலை போய்விட்டது என்றே நினைத்திருக்க வேண்டும். கிரஹாம் உட்கார்ந்து, ஆறிப்போன தன் தேநீரைக் குடித்தார். பிறகு கேட்டார், "சரி. எத்தனை முடியும்?"

இத்தனை மாதத்தில் அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிவநேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொள்முதல்காரர் கேட்டதில் பாதி கூட வரவில்லை. எல்லாம் ஃபிரிட்ஜில்தான் வந்து முட்டுகிறது என்றார்.

"ஃபிரிட்ஜ்தான் பிரச்சினையா? ரானுயியில் என் சித்தப்பா வீட்டுப் பின்னால் ஒன்று செத்துக் கிடக்கிறதே" என்றாள் லோசா.

கிரஹாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை. முடியும்தானே என்று சொன்னீர்கள்."

கிரஹாம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. நாங்களும் சிரித்தோம். சிவநேசன் மட்டும் நின்றபடியே இருந்தார், பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

அந்த வாரக் கடைசியிலேயே சர்ச் வேனில் லோசாவின் ஆட்கள் ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்த வாரம் இன்னொன்று. நான் பிளாக்ஹவுஸ் பேயில் கதவு கதவாகத் தட்டி, செத்துப்போன ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று விசாரித்தேன். என் கணவருக்கு மானம் போயிற்று. கொட்டகை ஃபிரிட்ஜ் மயானம் மாதிரி ஆயிற்று, ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்தது. யாரும் யாரையும் செய்யச் சொல்லவில்லை. லோசா ஒரு நாள் என் மீட்டர் மேசைக்கு வந்து, குழாயின் வாயைச் சற்று அகலமாக வைத்தால் ஊற்றச் சுலபமாக இருக்குமே என்றாள். பழைய ஆலையில் அத்தனை வருடம் என் பக்கத்தில் இருந்தவள் வேலையைப் பற்றி ஒரு யோசனை சொன்னதில்லை. நான்தான் கேட்டதில்லையோ என்னவோ.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். எங்களுக்கு ஊக்கம் வந்தது ஆர்டர் கிடைத்த அன்றல்ல, அது கைவிட்டுப் போன அன்று. வாயைத் திறந்தால் ஆள் காலியாகமாட்டான், சொன்னது எடுபடும் என்று கண்ணால் பார்த்த அன்று. அதன் பிறகு நாலு பேரும் நாலு காரணத்தை மறந்துவிட்டோம் என்று கதை விடமாட்டேன். லோசா சம்பளத்தை மறக்கவே இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் விலை கொடுத்துக்கொண்டிருந்தவர் சிவநேசன்தான். நாங்கள் உற்சாகமாக ஃபிரிட்ஜ் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெலிந்துகொண்டே போனார். குடிவரவு அலுவலகத்துக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. கிரஹாம் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அதிகாரி, இந்த வேலையைச் செய்ய நியூசிலாந்துக்காரர் கிடைக்கமாட்டாரா என்று கேட்டார், அது எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். கிரஹாம் சொன்னார், "எனக்குச் சரி என்று சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். முடியாது என்று சொல்ல இவன் ஒருவன்தான் கிடைத்தான்." அதிகாரி சிரிக்கவில்லை. அந்தப் பேச்சால் விசா வந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். வசந்தம் தொடங்கியபோது கொள்முதல்காரர் மறுபடி போன் செய்தார். வேறிடத்தில் வாங்கியது சரியில்லையாம், எங்களால் முடிகிற அளவைப் பிரித்துப் பிரித்தே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்த ஆர்டரைக் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. கையில் தாளை வைத்துக்கொண்டு சிவநேசன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றார். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை.

யோகேஸ்வரியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்த வாரம் எங்கள் வீட்டில் விருந்து. கிரஹாமும் லோசாவும் வந்திருந்தார்கள். யோகேஸ்வரி ஒல்லியான பெண், பயணக் களைப்பு இன்னும் கண்ணில் இருந்தது. பிள்ளைகள் இரண்டும் தகப்பனைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தன. சின்னவனுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. நான் வழக்கம்போல வாயாடினேன். "உங்க வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்ல தெரியுமா? பெரிய ஆர்டர், கைக்கு வந்தது, எல்லார் முன்னாலயும் முடியாதுன்னுட்டார்!" என்று மொத்தக் கதையையும் சொன்னேன். அவள் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அது எந்த மாசம் அக்கா?"

"ஜூலை."

"ஜூலையிலை பொலிஸ்காரர் லொட்ஜைச் சுத்தி வளைச்சு எல்லாரையும் ஏத்திக்கொண்டு போனவங்கள். நானும் பிள்ளையளும் பொலிஸ் ஸ்டேசனிலை இருந்தனாங்கள், விடியும் வரைக்கும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "எங்களைக் கேட்டுப்போட்டே சொன்னனீங்கள்?"

"என்ன சொல்கிறாள்?" என்று கிரஹாம் என்னைக் கேட்டார். நான் மழுப்பப் பார்த்தேன். சிவநேசன்தான் தானே மொழிபெயர்த்தார், ஒன்றையும் விடாமல். பிறகு மனைவியைப் பார்த்து, "இல்லை. கேக்கேல்லை" என்றார்.

கிரஹாம் கரண்டியைத் தட்டில் வைத்தார். "கேட்டிருக்க வேண்டும்தான். நானும்தான்" என்றார்.

கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்ததும் யோகேஸ்வரி அந்த வேலைக்கு வந்தாள். முதல் நாள் ஸ்மோக்கோவில் ஓரமாக நிற்கப் போனவளைக் கிரஹாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அடுத்த தவணைக்குச் சனிக்கிழமைகளிலும் வேலை செய்தால் நேரத்துக்கு முடிக்கலாம் என்றார். ஃபிரிட்ஜுக்குள் இடம் இருந்தது, ரெசின் இருந்தது, கூடுதல் சம்பளம் என்றதும் லோசாவின் முகம் மலர்ந்தது. நியாயமான யோசனைதான். சிவநேசன் வாயைத் திறந்தார். கிரஹாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "முதலில் அவள் சொல்லட்டும்" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். வந்த முதல் நாளே முதலாளி முன்னால் என்ன சொல்வாள், தலையைத்தான் ஆட்டுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். கணவரைப் பார்க்கவில்லை, கிரஹாமைத்தான் பார்த்தாள்.

"சனிக்கிழமை ஏலாது எண்டு சொல்லுங்கோ அக்கா. பிள்ளையள் இப்பத்தான் அவரை அப்பா எண்டு கூப்பிடப் பழகினம்."

நான் அப்படியே சொன்னேன். கிரஹாம் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "மோசமில்லை" என்றார். அந்தக் கம்பெனி இருந்தவரைக்கும் சனிக்கிழமையில் அதன் கதவை நாங்கள் திறக்கவே இல்லை.